பன்னிரண்டு கட்டைவிரல்களும் மொரப்பூர் பெஞ்சும்

எனக்கு நிர்வாகத் திறமை உண்டு என்று முப்பத்து நான்கு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் அந்த நம்பிக்கை தீர்ந்துபோனது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் இருக்கும் தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றை நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து செய்துவருகிறோம். கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது (அதனால் யாரையும் வேலையை விட்டு நீக்கவும் முடியாது). தர்மபுரியில் பெருமாள் சார் என்றொரு ஆசிரியர் இருக்கிறார். பார்வை கிடையாது. எங்கள் மென்பொருளை வைத்துத்தான் பாடம் தயாரிக்கிறார். புதிதாக வாங்கிய கணினியில் எங்கள் பழைய வெர்ஷன் ஓடவில்லை. அதனால் மாதம் தவறாமல் எனக்குப் போன் செய்து, "புதுசு எப்பங்க வரும்?" என்று கேட்பார். நானும் இரண்டு வருடமாக "அடுத்த மாசம் சார்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாமதத்துக்குக் காரணம் இருவர். சென்னையில் இருக்கும் சலீம், மென்பொருளின் அடிப்படையைப் பத்து வருடத்துக்கு முன்பே எழுதியவர். கோவையில் இருக்கும் கௌசல்யா, அந்த அடிப்படையைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும் என்பவர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. சண்டை முழுக்க குழுவின் பொது மின்னஞ்சலில்தான். "அன்புள்ள கௌசல்யா அவர்களுக்கு" என்று ஒரு மடல் வந்தால் நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் திறப்பேன். கடைசியில் சலீம், மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு வராவிட்டால் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு தனியே போவதாக எழுதிவிட்டார். இருப்பதே பதினான்கு பேர். அதிலும் இரண்டு கட்சி என்றால், பெருமாள் சார் ஓய்வு பெறும் வரை புதுசு வராது.

எங்களைப் போன்றவர்கள் சில நாள் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து, திரையில் இழுத்தடித்த வேலையை முடிப்பதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். மூன்று நாள் ஸ்பிரிண்ட், ஏற்பாடு என்னுடையது என்று அறிவித்தேன். இருவரையும் மடல்மேல் மடல் போட்டுக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அதியமான்கோட்டையில் என் கணவரின் சித்தப்பாவுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆடியில் சும்மா கிடக்கும். சாவி வாங்கப் போனபோது காவல்காரர், "ஆடி மாசத்துல என்னங்க விசேஷம்?" என்று கேட்டார். ரெண்டு பேருக்குள்ள ஒரு சமாதானப் பேச்சு என்றேன். "பஞ்சாயத்துன்னு சொல்லுங்க" என்று திருத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலை வந்தால் அதைப் பொதுப் பக்கத்தில் தனித் தலைப்பாக எழுதி வைப்போம். யாருக்கு இஷ்டமோ அவர் எடுத்துச் செய்வார். பெயர் சொல்லி யாரையும் ஏவ மாட்டோம், அது நாகரிகமில்லை. வேலை முக்கியம் என்று நினைப்பவர்கள் கீழே ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு ஆதரவு காட்டுவார்கள். மென்பொருள் இப்படித்தான் வளர்ந்தது, மண்டப ஏற்பாடும் இப்படியே வளரும் என்று நான் முடிவு செய்தேன்.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆறு வேண்டும்" என்று எழுதினேன். பதினொரு கட்டைவிரல். "சமையல்காரரிடம் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும்" என்பதற்கு ஒன்பது (அதில் ஒன்று கனடாவில் இருப்பவருடையது, அவர் வரப்போவதே இல்லை). "வெள்ளி காலை மொரப்பூர் ஸ்டேஷனில் சலீமையும் கௌசல்யாவையும் அழைத்துவர வேண்டும்" என்பதற்குப் பன்னிரண்டு. அவர்கள் இருவரைத் தவிர மொத்தக் குழுவும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டாவது கட்டைவிரல் என்னுடையது.

என் கணவர் சுப்பிரமணி மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வியாழக்கிழமை மாலை கையைத் துடைத்துக்கொண்டே, மொரப்பூருக்கு யார் போகிறார்கள் என்று கேட்டார்.

"பன்னெண்டு பேர் ஆதரவு குடுத்திருக்காங்க."

"அது செரி. அதுல வண்டி எடுக்கறது யாரு?"

இவருக்கு எங்கள் கலாச்சாரம் புரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தூங்கப் போனேன்.

காலையில் பத்துப் பேர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பத்துப் பேர் கையிலும் லேப்டாப். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றுகூட இல்லை. அத்தனை பெரிய மண்டபத்தில் வேலை செய்த பிளக் மூன்றே மூன்று. ஒன்று சமையலறையில், கிரைண்டருக்கு. ஒன்று மேடையில், மைக்குக்கு. மூன்றாவது மணமகள் அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில். அதில் என் போனைச் சார்ஜ் போட்டிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தலையைக் குனிந்து தட்ட ஆரம்பித்தார்கள். சலீமையும் கௌசல்யாவையும் யாரோ அழைத்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். மற்ற பத்துப் பேரும் அப்படியே நிம்மதியாக இருந்தார்கள்.

ஒன்பது மணிக்குப் பெருமாள் சார் வந்தார். புதுசு பிறக்கும் இடத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டவர். முன்வரிசையில் உட்கார வைத்தேன். கால் மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, ஃபேன் சத்தந்தான் கேக்குது. யாரும் வரலீங்களா?"

"எல்லாரும் இங்கதான் சார் இருக்காங்க."

"ஓ," என்றார். பிறகு லேப்டாப்புகள் சார்ஜ் தீர்ந்து ஒவ்வொன்றாகக் கீச்சிட்டு அணைய ஆரம்பித்தன. அவர் அதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குச் சுப்பிரமணி வந்து எட்டிப் பார்த்தார். சமையலறைக்குப் போனார், அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், திரும்பி வந்தார். "மொரப்பூர்க்காரங்க எங்க?" என்றார். அப்போதுதான் மணமகள் அறைக்கு ஓடிப் போனை எடுத்தேன். (என் நம்பரை அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை. எல்லாம் பொதுவில் பேச வேண்டும் என்பது கொள்கை.)

பொது மடல்கள் வரிசையாக இருந்தன (மண்டபத்தில் வைஃபை கிடையாது, மற்றவர்கள் யாரும் போனை எடுத்துப் பார்க்கவும் இல்லை). ஏழு மணிக்குச் சலீம்: "மொரப்பூர் வந்துவிட்டேன். யாரையும் காணோம்." ஐந்து நிமிடம் கழித்துக் கௌசல்யா: "நானும் வந்துவிட்டேன். யாரையும் காணோம்." இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு எழுதியவை இவை என்று பிறகு தெரிந்தது. வேறு வண்டி பிடித்துப் போகவும் முடியாது. முதலில் எழுந்தவர்தான் பேச்சுவார்த்தையை முறித்தவர் என்றாகிவிடும். எட்டு மணிக்குச் சலீம்: "மிகப் பொறுப்பற்ற ஏற்பாடு." கௌசல்யா: "ஆமோதிக்கிறேன்." இரண்டு வருடத்தில் முதல் தடவை. பிறகு சலீம்: "இனி ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் ஒரு பெயர் இருக்க வேண்டும்." கௌசல்யா: "ஒரே ஒரு பெயர். இரண்டு இருந்தாலும் இதே கதிதான்." சலீம்: "திருத்தத்தை ஏற்கிறேன்."

ஒன்பதரைக்குப் பிறகு மடல் எதுவும் இல்லை. கோபித்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பெருமாள் சார் இருந்த பக்கம் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

சுப்பிரமணி மேடைக்குப் போய் நின்றார். பத்துப் பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நீங்க என் பட்டறைக்குப் போய் பாக்ஸ் எடுத்துட்டு வாங்க, நீங்க பைபாஸ் ஓட்டலுக்கு இட்லிக்குப் போங்க, நீங்க ரெண்டு பேரும் தண்ணி கேன் என்று பிரித்துக் கொடுத்தார். பத்துப் பேரும் விருட்டென்று எழுந்து போனார்கள். யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவர்கள் காத்திருந்த மாதிரி இருந்தது. மொரப்பூருக்கு அவரும் நானும் அவருடைய குட்டி யானை லோடு வண்டியில் புறப்பட்டோம். பின்னால் பழுது பார்க்காத மூன்று மோட்டார்களும் வந்தன.

பெஞ்சின் இரண்டு முனைகளும் காலியாக இருந்தன. இருவரும் நடுவில் இருந்தார்கள். கௌசல்யாவின் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து மூடிக் கிடந்தது. சலீமின் லேப்டாப் கௌசல்யாவின் மடியில் இருந்தது. சலீம் ஒரு வடைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு முன் எதை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிய புகாரைச் சேர்ந்து எழுத உட்கார்ந்தவர்கள், எழுதி முடித்துவிட்டு அப்படியே மென்பொருளுக்குள் போய்விட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். கௌசல்யா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பாதியை வெச்சுக்கறோம், பாதியைப் புதுசா எழுதறோமுங்க. அது முடிஞ்சிருச்சு. இனிமே நீங்க எதையும் ஏற்பாடு பண்ணக் கூடாதுன்னும் ஒருமனதா முடிவு பண்ணிட்டோம்."

சலீம் தலையாட்டினார்.

தீபாவளிக்கு முன்னால் புதுசு வந்தது. பெருமாள் சார் போன் செய்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. போனைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்து, அது ஏழாம் வகுப்புப் பாடம் படிப்பதை ஒரு பக்கம் முழுக்க எனக்குக் கேட்கவிட்டார். நான் அழுதேன்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் படிக்க வேண்டிய விதிகளில் முதலாவது, "ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர்" என்பது. பூங்கொடி ரூல் என்று என் பெயரையே வைத்துவிட்டார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும்போது, "மோட்டாரை யாராவது அணைங்க" என்று நான் கத்தினால், சுப்பிரமணி, மாமியார், மகள் மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பேசாமல் நானே எழுந்து போய் அணைக்கிறேன். ரூலில் ஒரே ஒரு பெயர்தானே இருக்கிறது.