எர்த்து வயரும் வேப்பூர் மச்சானும்

ஆக்சிலேட்டரை மிதித்தால் "ஙொய்ய்ய்" என்றது. காலை எடுத்தால் அடங்கியது. கார் ஒழுங்காகத்தான் ஓடியது. அலறியது ஸ்டீரியோ.

"உங்க அண்ணன் வேலைதான் இது," என்றார் ஆதிநாராயணன்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி துர்கா கண்ணை மூடிக்கொண்டாள். காரை அவருக்கு விற்றது அவள் அண்ணன் ராஜ்மோகன். "வேப்பூர்ல இருக்கற மனுஷன் இங்க வந்து உங்க பாட்டுப் பொட்டிய நோண்டுவாராக்கும்?"

"நோண்டித்தான வித்தான்! இது சரியாவலன்னா ஞாயித்துக்கெழம அவன் பொண்ணு காதுகுத்துக்கு நாம போவல."

"அத்தைக்காரி நான் இல்லாம சபையில யாருங்க நிக்கறது?" என்றாள் துர்கா.

ஸ்டீரியோ கடை விருத்தகிரி டிக்கியைத் திறந்து பார்த்தார். "ஆம்ப்ளிஃபயர் எர்த்து வயர பெயிண்டு மேல முடுக்கியிருக்காங்க அண்ணே." பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கினார். சத்தம் நின்றது. இரண்டு நாளில் வயர் ஆட்டம் கொடுத்து, சத்தம் திரும்பி வந்தது.

இப்போது விருத்தகிரி மேலும் சந்தேகம். அவருடைய கொழுந்தியாளை வேப்பூரில் கொடுத்திருப்பதாக யாரோ சொன்ன ஞாபகம் வேறு.

ஆகவே ஆதிநாராயணன் தாமே களத்தில் இறங்கினார். அவர் பட்டறையில் செய்வது பீங்கான் ஃபியூஸ் கட்டை. கரண்ட் எங்கே தகராறு செய்தாலும் நடுவில் பீங்கானை வை என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். எர்த்து வயருக்கும் கார் பாடிக்கும் நடுவே பளபளவென்று ஒரு பீங்கான் வில்லையை வைத்து இறுக்கினார். "ஙொய்ய்" உடன் "கொர்ர்" என்று ஒரு பக்கவாத்தியமும் சேர்ந்தது.

பட்டறை மேஸ்திரி கொளஞ்சியம்மாள் மட்டும் டிக்கிக்குள் எட்டிப் பார்த்துப் பாராட்டினாள். "நம்ம பீங்கான் மாதிரி வருமா மொதலாளி!"

உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள் அவள்தான். எந்நேரம் போனாலும் பெண்களை வரிசையாக உட்காரவைத்து வேலை வாங்கிக்கொண்டிருப்பாள். அதனால் வீட்டில் தலையணைக்கடியில் வைக்கிற கார் சாவியை, பட்டறைக்கு வந்ததும் அவளிடம் கொடுத்தார்.

"எவனும் கிட்ட வராம பாத்துக்க."

"நீங்க உள்ள போங்க மொதலாளி. நான் இருக்கேன்ல."

வெள்ளிக்கிழமை விருத்தகிரி பீங்கானைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எர்த்துன்னா இரும்போட ஒட்டணுங்க! ஒட்டவே வுடாம பண்ணி வச்சிருக்கீங்களே!" வில்லையைப் பிடுங்கிவிட்டு முடுக்கினார். நின்றது. சனிக்கிழமை மதியத்துக்குள் மறுபடியும் ஙொய்ய்.

"யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க அண்ணே," என்றார் டிக்கியைத் திறந்து பார்த்த விருத்தகிரி.

"ராஜ்மோகன்!"

"அவரு வேப்பூர்ல இல்ல இருக்காரு?"

"அவன் தங்கச்சி என் வூட்லதானய்யா இருக்கா!"

விருத்தகிரி மறுபடி டிக்கிக்குள் குனிந்தார். பழைய வயரைக் கிடந்தபடியே விட்டுவிட்டு, புது வயர் ஒன்றை முன்பக்கம் இழுத்து நேராகப் பேட்டரியிலேயே இறுக்கினார். "இனிமே டிக்கியில எவன் கைய வச்சாலும் ஒண்ணும் ஆவாது."

ஆதிநாராயணன் வீட்டுக்குப் போன் போட்டார். "உங்க ஆளுங்கதான்னு ருசுவாயிடுச்சு. காதுகுத்துக்குப் போவல."

துர்கா சண்டை போட்டிருந்தால் தேவலை. "சரிங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்குப் பாட்டுப் போட மனம் வரவில்லை. ஸ்டீரியோவில் விளக்கு மட்டும் எரிந்தது. எவ்வளவு மிதித்தும் ஒரு முனகல்கூட இல்லை. கார் பூனை மாதிரி பட்டறை கேட்டுக்குள் நுழைந்தது.

உள்ளே களிமண் மூட்டைகளின் மேல் பட்டறையே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் கேட்டு ஒரு பெண், கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் படுத்திருந்த கொளஞ்சியம்மாளை உலுக்கினாள்.

"யக்கா, யாரோ வராப்ல இருக்குது. மொதலாளியா?"

கொளஞ்சியம்மாள் புரண்டு படுத்தாள்.

"சும்மா படுடி. மொதலாளியா இருந்தா தெருமொனையிலயே காரு கத்துமே, காலைலகூட வயர கழட்டி வுட்டுட்டுத்தான வந்தேன்."