பதவிக்கேற்ற கரண்ட்

எங்கள் ஊர் நில அளவை அலுவலகத்தின் இயக்குநருக்கு இடுப்பு வலி வந்தது. கீழ்முதுகெலும்பில் மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். நாட்டுக்காக உட்கார்ந்தே உழைத்ததன் விளைவு என்று இயக்குநர் அறிவித்தார். அலுவலகம் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டது.

பிசியோதெரபி அம்மா ஒருவர் சின்னப் பெட்டியோடு வந்து, இடுப்பில் பட்டைகளை ஒட்டி, லேசாகக் கரண்ட் வைத்தார். வலி அடங்கியது. அடுத்த வாரமே உதவி இயக்குநரின் இடுப்பும் தேய்ந்தது. பிறகு கண்காணிப்பாளர்களுடையது. தேயாத இடுப்போடு பதவி உயர்வு கேட்பது ஒழுங்கீனம் என்ற நிலை வந்தது. "எல்லாருக்கும் இருக்கு, உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று தலைமை எழுத்தரை அவர் மனைவி உலுக்கி எடுத்ததாகக் கேள்வி.

ஆளுக்கொரு பெட்டி வந்தது. ஆலோசனைக் கூட்டங்கள் குப்புறப் படுத்தபடி நடந்தன. அப்போதுதான் ஒரு விபரீதம் தெரிந்தது. உதவி இயக்குநரின் பெட்டியில் கரண்ட், இயக்குநருடையதைவிட ஒரு பிடி கூடுதல். உடனே ஆணை பிறந்தது: இனி மின்சாரம் பதவி வரிசைப்படியே பாயும்.

பிசியோதெரபி அம்மா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "சுருசுருன்னு தெரிஞ்சாப் போதும் சார். கூட்டி வெச்சாங்கறதுக்காகச் சீக்கிரம் குணமாகிடாது."

"குணமாகறது இருக்கட்டும்மா. என் பதவிக்கு இது குறைச்சல் இல்லையா?"

"வலிக்கும் சார்."

"பொறுப்புன்னா வலிக்கத்தான் செய்யும்."

குமிழ் கடைசிவரை திரும்பியது. இயக்குநர் ஒரு சாண் எழும்பி இறங்கினார். மற்றவர்களும் மரியாதை நிமித்தம் எழும்பி இறங்கினார்கள்.

அந்த அலுவலகத்தில் நிஜமாகவே இடுப்பு தேய்ந்திருந்த இன்னொருவர் தட்டச்சு அக்கா. கால் ஆடும் உடைந்த நாற்காலியில் பாதி ஆயுசைக் கழித்தவர். கடைநிலை ஊழியர் என்பதால் அவருக்கு ஒதுக்கியது மிகக் குறைந்த மின்சாரம், அதாவது சுருசுருவென்று தெரியும் அளவு. சொல்லித்தந்த பயிற்சிகளையும் விடாமல் செய்தார். ஒருநாள் முனகாமல் குனிந்து செருப்பு மாட்டியபோது அவருக்கே அழுகை வந்துவிட்டது.

"வலி குறைஞ்சிருச்சும்மா," என்று பிசியோதெரபி அம்மாவின் காதில் சொன்னார். "வெளியே சொல்லிடாதீங்க. நடவடிக்கை எடுப்பாங்க."

ஆனால் அதற்குள் இயக்குநருக்கு மாற்றல் வந்தது. புதியவர் முழங்கால் வலியோடு, கைத்தடி ஊன்றி வந்து இறங்கினார். மறுநாள் காலையில் அத்தனை இடுப்புகளும் நேராகிவிட்டன. அத்தனை முழங்கால்களும் மடங்க மறுத்தன. கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் ஒன்றை அக்கா எடுத்து வைத்துக்கொண்டார்.

கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்ற நாங்கள் இதையெல்லாம் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தோம். அந்த நேரத்தில் ஒருவர் நொண்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். புது இயக்குநர் எழுந்து வந்து அவரை விசாரித்து, அவர் மனுவில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சிரிப்பு நின்றது.

இப்போதெல்லாம் நாங்கள் வீட்டு வாசலிலேயே நொண்டத் தொடங்கிவிடுகிறோம். அலுவலகத்தில் போய்த் தொடங்கினால் அவ்வளவு இயல்பாக வருவதில்லை.