உறுமாத கிட்டார்

"கிறிஸ்தோபர், உறுமுறது உன் வயிறா, கிட்டாரா?"

பூசை முடிந்த கையோடு ரொமேஷ் பாதர் கேட்டார்.

"கிட்டார்தான் பாதர். கம்பிக்குக் கீழ இருக்கிற பிக்கப் பழசு. கரண்ட் இரைச்சலையும் சேர்த்து இழுக்குது."

"ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ம்ம்ம்ம்னு ஒரே சத்தம்! திருநாளுக்கு ஆயரே வர்றாரு, நம்ம பாட்டுக்குழுவைக் கேக்க. அன்னைக்கும் உறுமிச்சின்னா, கிட்டார் இனிமே கோயிலுக்குள்ள வராது."

ஆயர் வராமல் என்ன செய்வார்? எல்கடுவ தோட்டத்துக் கோயிலில் முதல் வரியை வாத்தியம் இல்லாமல் பாடுவதுதான் வழக்கம். சுதிப்பெட்டியைக் கரையான் தின்று தீர்த்த பிறகும், கொழுந்து பறிக்கும் பாட்டுக்குழுப் பெண்கள் எட்டுப் பேரும் இம்மி பிசகாமல் ஒரே சுதியில் ஆரம்பித்தார்கள். குழுவை நடத்தும் தெரேசாக்கா தலையை ஆட்டுவாள், எட்டு வாயும் ஒன்றாகத் திறக்கும். அம்மாடி, உடம்பெல்லாம் புல்லரிக்கும்! இரண்டாம் வரியில் அந்தக் குரல்களோடு தன் கிட்டாரும் சேரும் நிமிஷத்துக்காகத்தான் கிறிஸ்தோபர் வாரம் முழுக்கத் தேயிலை பெக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டினான். அது போய்விட்டால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

முதலில், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளைக் கிட்டாரின் வயிற்றுக்குள் ஒட்டிப் பார்த்தான். உறுமல் அப்படியே இருந்தது. கூடவே, பாதர் அப்பத்தை உயர்த்திய நேரம் பார்த்து, வெள்ளித்தாள் ரேடியோ ஏரியலாகி, ஸ்பீக்கரில் சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனை கிளம்பியது.

"யாரு அவுட்டு?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டே விட்டார்.

பாதர் பார்த்த பார்வையில் வெள்ளித்தாள் அன்றே கழன்றது.

அடுத்த வாரம் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால் உறுமல் பாதியாகக் குறைந்தது. கெட்ட நேரம், அந்தப் பக்கம் பீடத்துக்கு முதுகு, அந்தோனியார் சுரூபத்துக்கு முகம். சரி, அந்தோனியார் தப்பாக நினைக்க மாட்டார் என்று திரும்பி நின்றான். ஏதோ நேர்த்திக்கடன் போல என்று முன்வரிசைப் பெண்களும் திரும்பினார்கள். பிரசங்கம் முடிவதற்குள் கோயிலே திரும்பிவிட்டது.

"நான் யாருக்குப் பூசை வைக்கிறேன்?" என்று கத்தினார் பாதர்.

அன்றைக்குப் பாட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. தெரேசாக்கா ஏனோ அவனையே முறைத்தாள்.

இனி வேறு வழியில்லை. பஸ் ஏறி மாத்தளைக்குப் போய், சங்கீதக் கடை அஸ்ஹர் நானாவிடம் சரணடைந்தான்.

"நானா, உறுமக்கூடாது. ஆனா பழைய சத்தமும் போகக்கூடாது."

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க." நானா மூன்று பிக்கப்களை எடுத்து வைத்தார். "இது உறுமாது. ஆனா போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். இது நல்லாப் பேசும், ஆனா உறுமும். இதப் பாருங்க, பார்வைக்குப் பழசு. உள்ள ரெண்டு சுருள். ஒண்ணு இழுக்கிற இரைச்சல மத்தது தலைகீழா இழுக்கும். ரெண்டும் மோதி இரைச்சல் செத்துடும். கம்பியோட சத்தம் மட்டும்தான் மிஞ்சும்."

அதைப் பூட்டியிருந்த கடைக் கிட்டாரைக் கையில் கொடுத்தார். கிறிஸ்தோபர் காத்திருந்தான்.

"நானா, அம்பிளிபயரப் போடுங்களேன்."

"போட்டு எவ்வளவு நேரம்!"

கிறிஸ்தோபர் திரும்பிப் பார்த்தான்; அம்பிளிபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கம்பியை மெல்லத் தொட்டான். மழை விட்ட பிறகு தகரக் கூரையிலிருந்து விழும் சொட்டுப் போல, சத்தம் தனியாக, சுத்தமாக விழுந்தது. இத்தனை காலமும் இந்தச் சத்தமா அந்த உறுமலுக்குள் ஒளிந்திருந்தது! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாஷா அல்லாஹ்" என்றார் நானா, தினமும் கேட்கிறவர்.

திருநாளுக்கு முதல் நாள்தான் தன் கிட்டாரில் அதைப் பூட்டி முடித்தான். ஒருமுறை ஒத்திகை பார்க்கக்கூட நேரமில்லை.

மறுநாள் கோயில் நிறைந்து வழிந்தது. கிறிஸ்தோபர் பீடத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்று சுவிட்சைப் போட்டான். அப்படியொரு அமைதி! மெழுகுவர்த்தித் திரி பொரிவதுகூடக் கேட்டது. பாதரின் முகம் மலர்ந்தது. ஆயர் கண்களை மூடிக் காத்திருந்தார்.

தெரேசாக்கா தலையை ஆட்டினாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் ஆட்டினாள். ஒருத்தி உச்சத்தில் கிளம்பினாள், ஒருத்தி பாதாளத்தில். மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். பாட்டு நின்றது. ஆயர் ஒரு கண்ணைத் திறந்தார்.

தெரேசாக்கா விறுவிறுவென்று கிறிஸ்தோபரிடம் வந்தாள்.

"தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போகும், அந்த உறுமலக் கொஞ்சம் போடு! சுதிப்பெட்டி போனதுலேருந்து அதைப் பிடிச்சித்தானே நாங்க பாடுறோம்!"