நம்பிராஜன் வீட்டு அருவி

மன அமைதியைத் தேடி இமயமலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மாதுங்கா ஸ்டேஷனில் இறங்கத் தெரியாதவர்கள். 1965-ஆம் வருஷக் கோடையில், பாரத தேசத்துக்குத் தேவையான அமைதி முழுவதும் அங்கே ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், விடிகாலை ஐந்து மணிக்கு, இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை உலகுக்கு வழங்கிய ஸ்தாபனம் 'இயற்கை ஞான சபை'. அதன் கௌரவக் காரியதரிசி ஜம்பு, அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர். கோட்டைப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா.

சபையின் தலைவர் கீழ்த்தளத்து நம்பிராஜன். ஜம்புவின் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவர். அவர் ரிடையர் ஆனாரே தவிர, ஜம்புவின் முதுகெலும்பு ஆகவில்லை. அவரைக் கண்டால் இன்றைக்கும் அது தானாக வளைந்துவிடும்.

சபை முதலில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில்தான் கூடியது. முதல் பாடம் மரம். நம்பிராஜன் ஓர் அரச மரத்தைக் காட்டி, "மரம் எல்லாத்தையும் பாத்துண்டிருக்கு. ஒரு வார்த்தை பேசறதா? அதான் சாந்தி" என்றார். அங்கத்தினர்கள் மரங்களாகி நின்றார்கள். எறும்பு கடித்தும் அசையாத ஜம்பு, சபையின் தலைசிறந்த மரம் என்று பெயர் வாங்கினார். ஒருநாள் கிரிக்கெட் பந்து ஒன்று வந்து தலைவரின் பிடரியைப் பதம் பார்த்தது. தலைவர் சாந்தியைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, பையன்களை ஹிந்தியிலும் மராத்தியிலும் 'ஆசீர்வதித்தார்'. அடுத்த வாரமே, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, இயற்கை அவருடைய வீட்டுக்குள் மாற்றப்பட்டது.

அங்கேதான் 'அருவி தியானம்' உதயமாயிற்று. நம்பிராஜன் வீட்டு மோரியில், அதாவது குளிக்கவும் துலக்கவுமான அந்த மூலையில், பெரிய சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. விடிகாலையில்தான் முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும். குழாயில் ஒரு மோட்டாரைப் பொருத்தியிருந்தார். அது உறிஞ்சிய தண்ணீர் உயரத்திலிருந்து தொட்டிக்குள் சோவென்று விழும். அங்கத்தினர்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்த ஓசையில் கரைவார்கள். மணி அடிக்கும் வரை கண் திறக்கக் கூடாது என்பது விதி. மோட்டாரின் உறுமலைச் சபை 'தூரத்து யானை' என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டிருந்தது.

அதே நேரம் மூன்றாவது மாடியில் ஜம்புவின் மனைவி அம்மிணி, குழாயடியில் பால்டியை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். குழாய் ஒருமுறை செருமும், காற்று வரும், அதோடு சரி. கீழே மோட்டார் ஓடினால் மேலே தண்ணீர் ஏறாது என்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஜம்புவுக்கும் தெரியும். அம்மிணி பின்தெருப் பொதுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மாடி ஏறினாள். ஏறி ஏறி இடுப்பு விட்டுப்போயிற்று.

"ஏன்னா, ஒரு அரைமணி மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கோ. சண்டை போட வேண்டாம், கேட்டாப் போறும்" என்றாள்.

சமயம் பார்த்துக் கேட்பதாக ஜம்பு சலனமற்ற குரலில் வாக்களித்தார். நதி அவசரப்படுகிறதா என்றும் விசாரித்தார்.

"நதி மூணு மாடி ஏறறதில்லையே" என்றாள் அம்மிணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டே விடுவது என்று ஜம்பு இறங்கினார். பாயில் உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், தண்ணி விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"கேள்விங்கறது மனசோட சலனம், ஜம்பு. கண்ணை மூடும்" என்றார் நம்பிராஜன்.

ஜம்பு மூடினார். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. அருவி விழுந்தது. தூரத்து யானை நடந்தது. தன் வீட்டுக்கு ஏற வேண்டிய தண்ணீர் இன்னொருவர் தொட்டியில் விழும் ஓசையைக் கேட்டு அமைதி அடைய எப்பேர்ப்பட்ட பக்குவம் வேண்டும். அது ஜம்புவுக்குப் பூரணமாக வாய்த்திருந்தது.

திடீரென்று அருவியின் சுருதி மாறியது. சோவென்ற சத்தம் அடங்கி, கொடகொடவென்று ஆழத்தில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறியது. ஜம்பு ஒரு கண்ணைத் திறந்தார். பின்கட்டுக் கதவு வழியாக வந்த அம்மிணி, குடத்தை அருவிக்கடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். நிறைந்ததும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தூக்க முடியாமல் தூக்கினாள். எழுந்து போய் வாங்கிக்கொள்ளலாம், பக்கத்தில்தான். ஜம்புவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்தால் தலைவர் கண் திறப்பார். திறந்தால் பேச வேண்டிவரும். ஜம்பு கண்ணை மூடிக்கொண்டார். அருவி இன்னும் பல தடவை சுருதி மாறியது.

மணி அடித்தது. செம்பூரிலிருந்து வரும் அங்கத்தினர் ஒருவர், இன்றைக்கு அருவி புதுப்புது ராகத்தில் பேசியதாகச் சொல்லிக் கண் கலங்கினார். அது சாதனையில் அடுத்த படி என்று தலைவர் விளக்கினார். பிறகு தொட்டியை எட்டிப் பார்த்தார். பாதிகூட நிறையவில்லை. தரையெல்லாம் ஈரக் காலடி. யாராவது வந்தார்களா என்று காரியதரிசியைக் கேட்டார்.

"தெரியாது சார். கண்ணை மூடிண்டிருந்தேன்" என்றார் ஜம்பு. விதியைக் காத்த அந்த ஒழுக்கத்தை, சபை அங்கேயே கை தட்டிப் பாராட்டியது.

மாடிக்கு வந்தால், வீட்டிலிருந்த பாத்திரங்களெல்லாம் நிறைந்திருந்தன. அம்மிணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்கால் வரை ஈரம். கைதட்டலின் களை இன்னும் கலையாத முகத்தோடு ஜம்பு, கேட்காமலே தண்ணீர் வந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி, இயற்கையின் கருணையை வியந்தார்.

"ஒரு கண்ணைத் திறந்தேளே" என்றாள் அம்மிணி. "நான் பாத்தேன்."

நல்லவேளையாக ஜம்புவுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பாடம் கைகொடுத்தது. "மரங்கூட எல்லாத்தையும் பாத்துண்டு பேசாமதான் நிக்கறது" என்றார்.

"மரத்தை இதுல இழுக்காதேங்கோ" என்றாள் அம்மிணி. "அதுக்குக் கண் கிடையாது."