தாவ வேண்டுமா, தாவலாமா?

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். ‘இருக்கலாம்’ என்று எழுதவில்லை, கவனியுங்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் ஆறு நாளாக என் உயிர் போகிறது.

ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உலகத்துச் செல்ஃபோன்களெல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று விதி எழுத முந்நூறு இன்ஜினியர்கள் கூடியிருக்கிறோம். கூட்டம் நடக்கிற மண்டபம் தரைக்குக் கீழே இரண்டு மாடி. அங்கே சிக்னல் ஒரு கோடுகூடக் கிடையாது. வெளியே மாடிப்படியில் நான்காவது படிக்கு ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். முந்நூறு பேருக்கும் அந்த ஒரு படிக்கட்டுதான். சிரிக்காதீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் உங்கள் ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அன்று ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாமல் உங்கள் ஃபோன் தன் கம்பெனி டவரையே பதினோரு நிமிஷம் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கம்பெனி டவர் அங்கே முழுசாக எடுத்தது. வாட்ச்மேன் தற்செயலாக வந்து பார்த்ததால் பிழைத்தீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் சட்டையைப் பிடித்து, “அந்தக் கமிட்டில போய் உக்காந்து என்னதான்டா கிழிக்கிறே?” என்று கேட்டாள். அதற்கு நான் எழுதிய பதில்தான் எட்டாம் பிரிவு. ஆபத்து அழைப்பின்போது சொந்த டவர் கிடைக்காவிட்டால், ஐந்து நொடிக்குள் ஃபோன் வேறு எந்த டவருக்காவது தாவ வேண்டும். ஒரே வரி. எழுதி இங்கே கொண்டுவரப் பதினாலு மாதம் ஆயிற்று.

இங்கே ஃபோன் தயாரிக்கிறவர்கள் சார்பில் ஒரு மனுஷர் வந்திருக்கிறார். “ஒரு சின்னத் திருத்தம்” என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்திருப்பார், அதனால் அவருக்குப் பெயரே சின்னத் திருத்தம் என்று ஆகிவிட்டது. முதல் நாள், ஐந்து நொடி என்றால் எப்போதிலிருந்து ஐந்து என்று கேட்டார். ஒரு நாள் முழுக்க அதிலேயே போயிற்று. இரண்டாம் நாள், டவர் என்றால் எது டவர் என்றார். மூன்றாம் நாள் ஒரு காற்புள்ளி. சத்தியமாக அத்தான், அந்தக் காற்புள்ளிக்கு ஓர் உபகுழு போட்டு என்னையே அதற்குத் தலைவராக்கி உட்கார வைத்தார்கள். நாலாம் நாள்தான் குட்டு வெளிப்பட்டது. “தாவ வேண்டும்னு எதுக்குக் கட்டாயப்படுத்தணும்? தாவலாம்னு போட்டாப் போதுமே” என்றார். “தாவலாம்னா தாவாமலும் இருக்கலாமே ஐயா! நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு கெடக்கிறவன்கிட்டப் போயி, நீ பிழைக்கலாம்னு சொல்லிட்டு வருவீங்களா?” என்றேன். மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார்.

எங்கள் சபையில் ஓட்டு கிடையாது. திருத்தம் கொண்டுவந்தவர் எழுந்து வாசிப்பார். தலைவி அம்மாள் “எதிர்ப்பு உண்டா?” என்று ஒரு தரம் கேட்பார், ஒரு மூச்சு விடும் நேரம் பார்ப்பார், மணியைத் தட்டிவிடுவார். மௌனம் சம்மதம், அவ்வளவுதான். தட்டிய பிறகு தலைகீழாக நின்றாலும் நடக்காது. ‘தாவலாம்’ திருத்தம் இன்று மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள். நடுவில் எழுந்து போகும்படி ஆகிவிடுமே என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வரவேற்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘அக்கா மூன்று தடவை கூப்பிட்டார். அவசரம்.’ அவசரம் என்றால் எனக்கு உங்கள் நெஞ்சைத் தவிர வேறென்ன தோன்றும்? நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். படிக்கட்டில் எவரோ ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு “சரிம்மா... சரிம்மா...” என்று சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். இடித்துத் தள்ளிக்கொண்டு நான்காவது படியில் ஏறி நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

“ஏண்டா, நீ வாங்கிக் குடுத்த குக்கர் அஞ்சு லிட்டரா, அஞ்சரையா? கேஸ்கெட் வாங்கக் கடைல நிக்கிறேன்.”

“அக்கா, அத்தானுக்கு என்ன?”

“அவருக்கென்ன? கடைக்காரர்கூட நின்னு கதை பேசிட்டிருக்காரு. உலகத்துக்கே அளவு போடறியே, ஒரு குக்கருக்கு எல்லாக் கடையிலயும் ஒரே அளவு போட வக்கில்லையா?”

நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று அழுகை வந்தது. அக்கா மேல் ஆத்திரமும் வந்தது. பதில் சொல்லாமல் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். மணி மூன்று ஏழு. திரையில் ஒன்பதாம் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரை உலுக்கி, “எட்டு என்னாச்சு?” என்றேன். “முடிஞ்சுது. ஒருத்தரும் வாயத் தொறக்கல, மணி அடிச்சாச்சு” என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தின்னப் போய்விட்டார்.

போயிற்று அத்தான். உங்களுக்காக எழுதிய ஒரே வரி, உங்கள் வீட்டுக் கேஸ்கெட்டால் போயிற்று. அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. இருக்கிறது. ராஜினாமா எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்த ஆள் வேண்டும் என்றாரே உங்கள் சிநேகிதர், நான் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இனி ஜென்மத்துக்கும் ஃபோனைத் தொட மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. அக்காவுக்கு, வேறு வழியில்லை, என் வணக்கம். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தோற்றுப்போன மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கூட்டக் குறிப்பு கைக்கு வந்தது. ‘திருத்தம் கொண்டுவந்தவர் வாசிக்க வரவில்லை. திருத்தம் தள்ளுபடி. மூல வரிக்கு எதிர்ப்பு உண்டா எனக் கேட்கப்பட்டது. இல்லை. தாவ வேண்டும் என்பது உறுதியானது.’ படிக்கட்டில் நான் இடித்துத் தள்ளிய முதுகு சின்னத் திருத்தத்தினுடையது. வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று கேட்டு அவர் வீட்டம்மா கூப்பிட்டாராம். ராஜினாமாவைக் கிழித்தாயிற்று. கல்லூரிக்காரரிடம் வாயைத் திறந்துவிடாதீர்கள். அக்காவிடம் அஞ்சு லிட்டர் என்று சொல்லுங்கள், கோபமில்லை என்றும் சொல்லுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்காவது படியிலிருந்து கூப்பிடுவேன். உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அதனால் ஃபோனை நீங்களே எடுக்க வேண்டும், அத்தான். எடுக்கலாம் அல்ல.