சந்து இன்னும் நம்முடையதுதான், பாவா

திருத்தணி
ஜூலை 2007

மரியாதைக்குரிய பாவா அவர்களுக்கு ஸ்வர்ணா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே உங்கள் சகலையும் மகள் ஸ்னேகாவும் நானும் சுகம். அரக்கோணத்தில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், ரயில்வே வேலை முடிந்த கையோடு உங்கள் முட்டிவலியும் ரிட்டயர் ஆகியிருக்கும் என்றும் நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஆங், சரிங்க பாவா" என்பேன், அதோடு தீர்ந்துவிடும். ஆகவே கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து, சந்து இருக்கிறதா என்று பார்த்தேன். பல் விளக்கவில்லை, பால்கூட எடுத்து வைக்கவில்லை. இருந்தது. கொஞ்ச நாளாகவே இதுதான் என் பழக்கம். "சந்து போச்சுன்னா நம்ம காவடி போச்சு, விட்டுடாத ஸ்வர்ணா, குடும்ப மானம் உன் கையில" என்று நீங்கள் எழுதியதிலிருந்து, இந்த வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள், நான் மட்டும் காவல் காக்கிறேன். உங்கள் வார்த்தையில் தப்பில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த வருஷத்திலிருந்து ஆடிக் கிருத்திகைக்கு உங்கள் கூட்டம் முழுதும் நம் வீட்டில்தான் படுக்கிறது, சந்தில்தான் அடுப்பு மூட்டுகிறது, பின்கதவில் காவடியைச் சாத்தி வைத்துப் பூஜை போட்டு அங்கிருந்தேதான் மலைக்குப் புறப்படுகிறது. அந்த இடத்தில் காரை நிறுத்தப் போகிறோம் என்று எவனாவது வந்து சொன்னால் எனக்கு ஆத்திரம் வராதா?

முதலில் அந்த ஓட்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த புண்ணாக்குக் கிடங்கைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கி இடித்து, மாடி கட்டி, பொட்டீக் ஓட்டல் என்று பெயர் வைத்திருக்கிறார். நான் விசாரித்த வரையில், பொட்டீக் ஓட்டல் என்றால் அறைகள் குறைவாகவும், விளக்குகள் மங்கலாகவும், தட்டு பெரிதாகவும், அதில் இருக்கிற இட்லி சிறிதாகவும் இருக்க வேண்டும். இடத்தை அடைக்கிறதென்று பக்கத்து வீட்டுத் தேவகி தெருவில் உருட்டிவிட்ட ஆட்டுக்கல் இப்போது அவர்கள் புல்தரைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழேயிருந்து மஞ்சள் விளக்கு வேறு. தேவகி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறாள். "எங்க ஊட்ல இருக்கச்சொல்லோ இவ்ளோ அழகா இல்லக்கா" என்கிறாள். ஊர் முன்னேறுகிறது என்று பேப்பரில் போடுகிறார்களே, அது இதுதான் போலிருக்கிறது. நாம் வேண்டாமென்று தள்ளியதை எடுத்து விளக்குப் போட்டு நமக்கே காட்டுவது.

கார் நிறுத்தச் சந்து வேண்டுமென்று அவர்கள் நகராட்சிக்கு எழுதிக் கேட்டார்களாம். தெருக்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். உடனே ஓட்டலிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று போட்டார்கள். ஓட்டலின் மேனேஜர் ஷாலினி என்கிற பெண், கோயம்புத்தூர்க்காரி, சிரித்த முகம், நல்ல மாதிரிதான். இந்தப் பக்கத்தில் பெண்களுக்கு எப்படி மரியாதை செய்வது என்று யாரிடமோ கேட்டிருக்கிறாள், தாம்பூலம் கொடுப்பார்கள் என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். எப்போது கொடுப்பார்கள் என்பதை மட்டும் அவள் கேட்கவில்லை. நம்மூரில் வந்தவர்கள் கிளம்பும்போது கொடுப்போம். அவள் கேட்டிலேயே நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருத்திக்கும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், ரவிக்கைத் துணி என்று கையில் வைத்து அனுப்பினாள். பிறகு மைக்கைப் பிடித்து, "சந்து விஷயத்துல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா தயங்காம சொல்லுங்க" என்றாள்.

பாவா, தெருக்குழாய்க்கு எந்தப் பக்கம் வாளி வைப்பதென்று ஒரு பொழுது முழுக்கச் சண்டை போடுகிற தெரு இது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு மலைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிய பிறகு மாப்பிள்ளை குட்டை என்று சொல்ல முடியுமா? தாம்பூலம் வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. தெரு ஒருமனதாக வரவேற்கிறது என்று அவள் மைக்கிலேயே நன்றி சொல்லிவிட்டாள்.

நான் அன்றைக்குக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். பொன்பாடியில் உங்கள் சகலையின் பங்காளி ஒருவர் தவறிப் போய் எங்களுக்குத் தீட்டு. தாம்பூலம் வாங்கக் கூடாது, வாங்கவில்லை. என் தலையெழுத்து அங்கே தொடங்கியது. அன்று சாயங்காலமே முனைக்கடைப் பூக்காரி ஜெயம்மாள் வந்துவிட்டாள்.

"நாங்க கைல வெத்தல வாங்கிட்டோம். இனிமே பேசினா முருகனே சிரிப்பான். நீ ஒருத்திதான் வாங்கல. நீ போய்க் கேளு."

"அந்த ரவிக்கைத் துணிய திருப்பிக் குடுத்துட்டு நீயே கேளேன்."

"அதத் தெக்கக் குடுத்துட்டேம்மா."

அதற்குப் பிறகு தெருவில் இருக்கிற எல்லா அபிப்பிராயமும் என் வீட்டு வாசலுக்கு வந்தது. சொந்த வாயைக் கட்டிப் போட்டவர்கள் எல்லாரும் என் வாயை இரவல் கேட்டார்கள். ஆட்டோ ஓட்டுகிற முனியன் வந்து, "அக்கா, அந்த ஓட்டல இழுத்து மூடச் சொல்லு. ஆனா அங்க வர்ற ஆளுங்க மட்டும் வந்துகினே இருக்கணும்" என்றான். ஓட்டலை மூடினால் ஆள் எப்படியப்பா வரும் என்றேன். "அதுக்குத்தான படிச்சவகிட்ட வந்து சொல்றேன்" என்று ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஜெயம்மாளுக்குச் சந்தும் வேண்டும், ஓட்டல் உருளியில் மிதக்கவிடப் பூக் கொடுக்கிற வேலையும் வேண்டும். "கோவமாப் பேசு, ஆனா பூவப் பத்திப் பேசிடாத" என்றாள். தேவகிக்கு அவர்கள் விளக்கு வெளிச்சம் விடிய விடிய வீட்டுக்குள் அடிக்கிறதென்று குறை. அணைக்கச் சொல்லட்டுமா என்றால், "வேணாங்க்கா, அந்த வெளிச்சத்துலதான் வெங்காயம் உரிச்சுகினு இருக்கேன்" என்கிறாள். உங்கள் சகலை தாலுகா ஆபீஸ்காரர் அல்லவா, "நான் கவர்மென்ட் ஆளு, எனக்குக் கருத்தே கிடையாது" என்று சொல்லிவிட்டு, "ஆனா நீ விட்டுடாத" என்றார். அரிசி களைந்துகொண்டே யோசித்தேன். இத்தனை பேரும் என்னிடம் கருத்துச் சொன்னார்கள். என் கருத்து என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சரி, நானே கேட்டுப் பார்ப்போமென்று கேட்டேன். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. ரொம்ப நாளாக ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியது மாதிரி இருந்தது.

ஆனாலும் தீட்டுக் கழிந்ததும் போனேன். "சந்து என்பது வெறும் மண் அல்ல" என்று ஆரம்பிக்கிற மாதிரி பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஷாலினி எதிரே வந்து, "ஓனர் சென்னைல இருந்து வந்துட்டே இருக்கார் மேடம். கீழ பெயின்ட் அடிக்கறாங்க, நாத்தம் தாங்காது. மேல ரூம்ல உட்காருங்க" என்று மாடியறையைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த அறையில்தான் பாவா, என் கோபம் உச்சத்துக்குப் போனது. ஒரு மனுஷன் தூங்குவதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு? வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. கட்டிலில் தலைக்கு ஒரு தலையணை போதாதென்று மேலும் மேலும் அடுக்கியிருக்கிறார்கள். குக்கர் சத்தம் இல்லை, டிவி இல்லை, "அம்மா, என் சீப்பு எங்க" இல்லை. இப்படியும் ஓர் இடம் நம் பின்கதவுக்கு எதிரிலேயே இருந்துகொண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறதே என்று பொங்கிக்கொண்டு வந்தது. குறை சொல்வதென்றால் ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமென்று மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது நியாயமில்லை என்று காலை நீட்டினேன். அவ்வளவுதான் தெரியும்.

ஷாலினி கதவைத் தட்டியபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. என் கண் சிவந்து, கன்னத்தில் தலையணைக் கோடு, பேச்சு மொத்தமும் மறந்து போயிருந்தது. கீழே ஓனர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்தேன். எந்த ஊரில் இருக்கிறோம் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் என் கண்ணைப் பார்த்தார், ஷாலினியைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. நான் அவ்ளோ மோசமான ஆளு இல்ல."

என்ன சொல்ல வந்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா, காருங்களுக்கு வேற எடம் பாத்துக்கறேன். சந்து பக்கம் வரல. எழுதியே குடுத்துடறேன், போதுமா?"

"சந்து என்பது" என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் கையெழுத்தே போட்டுவிட்டார்.

வெளியே வந்தால் தெரு முழுக்க நிற்கிறது. இத்தனை நேரம் உள்ளே நின்று வாதாடினாளே என்று முனியன் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தான். "மூஞ்சியப் பாரு, எவ்ளோ கத்தினு இருந்திருப்பா" என்று ஜெயம்மாள் என் கன்னத்தைத் தடவினாள். பூவைப் பற்றிப் பேசவில்லையே என்று காதோடு கேட்டும் கொண்டாள். உங்கள் சகலை ஆபீஸிலிருந்து வந்ததும், தானே அனுப்பி வைத்ததாக எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் யாரோ சோடா பாட்டிலை நீட்டினார்கள்.

ஆக, சந்து இன்னும் நம்முடையதுதான், பாவா. நீங்கள் கேட்டபடியே குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது. இந்த வருஷம் உங்கள் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு கூடுதலாக வருவதாக எழுதியிருந்தீர்கள். ஒருவருக்கு வெங்காயம் ஆகாது, ஒருவருக்கு விடிவதற்கு முன் வெந்நீர் வேண்டும், புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத் தனி அறை வேண்டும். எல்லாம் படித்தேன். தாராளமாக எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பணக்காரர்கள் நான்கு பேர் அமைதியாகத் தூங்க வேண்டுமென்பதற்காக நம் தெரு தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாது என்பதை அந்த ஓட்டல் தெரிந்துகொள்ளட்டும்.

அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கும் உங்கள் முட்டிக்கும் தணிகைமலையான் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனி
ஸ்வர்ணா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கிருத்திகைக்கு முந்தின நாளும் கிருத்திகை அன்றும் நான் வீட்டில் இருக்க மாட்டேன். எதற்காகப் போராடினேன் என்று நிதானமாக யோசித்துப் பார்த்ததில், இன்னொரு வருஷம் உங்கள் எல்லாருக்கும் சமைப்பதற்காகத்தான் என்று தெரிய வந்தது. ஆகவே நேற்று போய், நான் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில், அந்த மாடியறையை என் பெயருக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அரிசி டிரம்மில் இருக்கிறது, மிளகாய்த்தூள் மேல் அலமாரியில், பெரிய அண்டா பரண்மேல். அக்காவை அடுப்படிக்கு அனுப்ப வேண்டாம். நீங்களும் உங்கள் சகலையும் இருக்கிறீர்கள், ஆபீஸ் நண்பர்களும் வருகிறார்கள். காவடி புறப்படும்போது இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பவும் மேலே போய்விடுவேன். இதை இவரிடமோ ஸ்னேகாவிடமோ வேறு யாரிடமோ இன்னும் சொல்லவில்லை. நீங்களும் வந்து சேரும்வரை சொல்ல வேண்டாம். மேளக்காரர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விடியற்காலையில் சந்துப் பக்கம் அடிக்கக் கூடாது. அங்கே மாடியில் ஆள் தூங்கும்.