நல்ல நிலையில் இருந்த கொடி

ராஜபாளையம்,
1942 செப்டம்பர்.

பெங்களூர் கண்டோன்மெண்டில் பட்டாளத்து ஸ்டோர் ஹவில்தாராக விளங்கும் என் மதிப்பிற்குரிய மச்சான் கிறிஸ்துராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை அன்னாளின் புருஷனும், போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ரிட்டயரானவனுமான வேதமணி எழுதிக்கொண்டது. தேவகிருபையால் இங்கு யாவரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முறை தவறி எனக்குப் பழக்கமில்லை. ஆகையால் யாவரும் சுகம். தங்கள் மருமகனாகிய என் மகன் ஜெயக்கொடி மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் சப்ஜெயிலில் இருக்கிறான். தங்கள் தங்கை சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரமாகிறது. எனக்குச் சோறு இறங்குகிறது. அதைச் சொல்லித்தான் அவள் என்னைத் திட்டுகிறாள். நாய் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பட்டப்பகலில், சந்தைக் கூட்டத்தின் நடுவில், ஜெயக்கொடி யூனியன் ஜாக் கொடியை எரித்துவிட்டான். அந்தப் பேரை ஞானஸ்நானத்தில் வைத்தது தாங்கள்தான் என்பதை இந்த நேரத்தில் நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. யாருடைய கொடி? என் கொடி, மச்சான். நான் ரிட்டயரான அன்று இன்ஸ்பெக்டர் துரை தன் கையால் கொடுத்த கொடி. இரும்புப் பெட்டியில் வேப்பிலையும் பாச்சை உருண்டையும் போட்டு வைத்திருந்தேன். ராஜாவின் பிறந்தநாளுக்கு வெளியே எடுத்து மொட்டைமாடியில் மூங்கில் நட்டுக் கட்டுவேன், சாயங்காலம் இறக்கி மடித்து வைப்பேன். தங்கள் தங்கையின் கலியாணப் புடவையைப் பூச்சி அரித்தது, அதே பெட்டியிலிருந்த கொடியை அரிக்கவில்லை. மில்லுக்குப் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்த பயல், பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எரித்தவன் ஓடினானா? ஓடியிருந்தால் நானே போலீஸிடம் போய், செண்பகத்தோப்புக் காட்டுப்பக்கம் போனான் என்று சொல்லிவிட்டு, அவனை எதிர்ப்பக்கம் சோழபுரத்துக்கு அனுப்பியிருப்பேன். அவன் நின்றான். நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றிருக்கிறான்.

வந்தது யார் தெரியுமா, முத்துவீரன். நான் எழுதக் கற்றுக்கொடுத்த பயல், இப்போது ஏட்டு. பக்கத்துக் கடைக்காரன் குடத்துத் தண்ணீரைப் பிடுங்கி ஊற்றி, கொடியில் கால்வாசியைக் காப்பாற்றி, அதையும் ஜெயக்கொடியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான். பிறகு எனக்கு ஆள் அனுப்பினான். நான் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடினேன். போனால் அவன் எழுந்து நின்று, "ரைட்டரய்யா, மன்னிக்கணும். இந்த மாதிரி மகஜர் நான் எழுதுனதில்ல, செத்த நேரம் பாத்துச் சொல்லுங்க" என்கிறான். பிடித்த பொருள் என்ன, எந்த நிலையில் இருந்தது என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குகிற காகிதம்தான் மகஜர். என் உத்தியோகமே அதுதான். வாங்கிப் பார்த்தேன். "எரிந்த துணி ஒன்று" என்று எழுதியிருந்தான். எனக்கு வந்ததே கோபம். துணியாம் துணி! உட்கார்ந்தேன், தொண்டையைச் செருமினேன், சொல்ல ஆரம்பித்தேன்: "கிழிசல் இல்லாததும், சாயம் போகாததும், நல்ல நிலையில் இருந்ததுமான யூனியன் ஜாக் கொடி ஒன்று, முக்கால் பாகம் வேண்டுமென்றே தீயிடப்பட்டது." வேண்டுமென்றே என்ற வார்த்தையையும் நானேதான் போட்டேன், மச்சான். அது இல்லாவிட்டால் மகஜர் நிற்காது. ஆற்றொழுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரியின், அதாவது பிடிபட்டவனின், தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு வந்தபோதுதான் நாக்கு நின்றது. கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த பயல் சிரித்தான். சாட்சி என்ற இடத்தில் அதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டவனைத் தாங்கள் பார்த்ததில்லையென்றால் என்னை வந்து பாருங்கள். மறுநாள் வக்கீலைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டேன். பெட்ரோல் பஞ்சத்தில் இப்போது ஓடுவது கரி அடுப்பு மூட்டி ஓட்டும் கரிவண்டி பஸ். பாதி வழியில் அடுப்பு அணைந்துவிட்டதென்று எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள், தள்ளினேன். மடவார் வளாகத்தில் வக்கீல் சௌந்தரபாண்டியன் வீட்டுக்குக் கரி முகத்தோடு போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். மகஜரின் நகலைப் படித்துவிட்டு, "இத எழுதுனவன் யாரு? நம்மளக் குழியில தள்ளி மண்ணையும் மூடிட்டானே" என்றார். நான் ஜன்னல் வழியாகக் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்தான் வழி கண்டுபிடித்தார். உங்கள் சர்ச்சில் கிழிந்த வேதப்புத்தகத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். குப்பையில் போடமாட்டோம், மரியாதையாக எரிப்போம் என்றேன். பீடத்துணி நைந்து போனால்? அதையும்தான். பழைய கொடியை? அதையும் பட்டாளத்தில் அப்படித்தான் எரிப்பதாகத் தாங்கள் ஒரு கிறிஸ்துமஸில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வக்கீல் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். கொடி பழசு, கிழிந்தது; வேதக்காரப் பிள்ளை, வேதத்தை எரிப்பதுபோல் மரியாதையாக எரித்தான்; மகஜரில் நல்ல நிலை என்றிருப்பது தகப்பன் பதட்டத்தில் சொன்னது. கேஸ் முடிந்தது. கிழிந்ததற்குக் காரணம் வேண்டுமே என்று யோசித்து, வீட்டில் நாய் உண்டா என்றார். உண்டு, அதற்குப் பல் விழுந்து இரண்டு வருஷமாகிறது என்றேன். நாயைக் கூண்டில் ஏற்றமாட்டார்கள் என்று தைரியம் சொன்னார்.

பிறகு சாட்சி. சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் வெள்ளத்தாய்தான் கிட்டத்தில் நின்று பார்த்தவள். அவள் முதலில் போலீஸில் சொன்னது, பையன் கொடியைக் கொளுத்திவிட்டு எல்லோரும் பார்க்கட்டும் என்று தூக்கிப் பிடித்தான் என்று. தலைகுனிந்து மரியாதையாக எரித்தான் என்று சொல்லு தாயி என்று நான் கெஞ்சினேன். நல்ல மனசுக்காரி, ஒத்துக்கொண்டாள். சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதல் தரம் தலைகுனிந்தான் என்றாள். இரண்டாம் தரம் கும்பிட்டான் என்று சேர்த்தாள். மூன்றாம் தரம் சூடம் காட்டினான் என்றாள். வேதக்காரப் பயல் சூடம் காட்டமாட்டான் என்றால், "மருவாதின்னா சூடம் இல்லாம எப்படி?" என்று என்னையே மடக்குகிறாள். சர்ச் பாதிரி ஐயரிடம் போனேன். வேதம் எரிப்பது உண்மைதான், ஆனால் கோர்ட்டில் வந்து சொன்னால் மிஷன் துரைமாருக்கு மனவருத்தம் உண்டாகும், ஜெபம் பண்ணுகிறேன் என்றார். பண்ணட்டும்.

இவ்வளவு ஏன் என்று கேட்பீர்கள். இப்போது போட்டிருக்கிற புதுச் சட்டத்தில் ஜெயிலோடு பிரம்படியும் உண்டு என்கிறார் வக்கீல். ஜெயில் என்றால் நான் இப்படி அலையமாட்டேன், போய்விட்டு வரட்டும். பிரம்படியை நான் பார்த்திருக்கிறேன், மச்சான். முக்காலியில் கையையும் காலையும் கட்டி, மருந்தில் நனைத்த துணியை மேலே போட்டு, பக்கத்தில் டாக்டரை நிறுத்திக்கொண்டு அடிப்பார்கள். அடிக்கிறவன் ஓடிவந்து அடிப்பான். சதை பிய்ந்து வரும். நம் பயல் உடம்பு தங்களுக்குத் தெரியும். மில் பஞ்சைத் தின்று தின்று எலும்பும் இருமலுமாக இருக்கிறான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷத்தில் காங்கிரஸ்காரர்களின் ராட்டைக் கொடிகளைப் பிடுங்கி வருவார்கள். ஸ்டேஷன் கொல்லையில் குவித்து எரிப்பது என் வேலை. கதர் திகுதிகுவென்று எரியும், எண்ணெய்கூட வேண்டாம். வேலிக்கு வெளியே உக்கிரபாண்டி என்ற, உழுது பிழைக்கும் சம்சாரி நின்று, செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதான். அதற்காக என்மேல் ஒருவரும் கேஸ் போடவில்லை. அழுததற்காக அவன்மேல்தான் போட்டோம். ஜெயக்கொடி எரித்ததைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது உண்மை. வருஷக்கணக்காக சல்யூட் அடித்த கொடி அது. மிச்சமிருந்த மூலையைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் மனசு புண்பட்ட எனக்கு யாரும் மருந்து கொடுக்க வரவில்லை. என் பெயரைச் சொல்லி என் மகன் முதுகைத்தான் கேட்கிறார்கள். கொடி என்னுடையது, பிள்ளையும் என்னுடையது. எரிந்தது துணி. நடுவில் சர்க்காருக்கு எங்கே வலித்தது என்று யாராவது மகஜர் எழுதிக் காட்டினால் நல்லது.

நேற்று சப்ஜெயிலில் பயலைப் பார்த்தேன். வக்கீல் சொன்னதையெல்லாம் சொல்லி, நீ வாயைத் திறக்காமல் நின்றால் போதும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யப்பா, நீங்க அம்புட்டுக் கொடி எரிச்சதுக்கு எத்தன வருசம் ஜெயில்ல இருந்தீங்க?" என்றான்.

"ஏலே, அது ட்யூட்டி."

"அப்ப எரிக்கது குத்தமில்ல. என்ன நெனச்சு எரிச்சோம்ங்கதுதான் குத்தம். நான் நெனச்சதச் சொல்லத்தான் எரிச்சேன். மேடை போட்டுப் பேச விட்டாவளா? பேப்பர்ல எழுத விட்டாவளா? அது ஒண்ணுதான் நான் பேசுனது. நீங்க பழைய துணின்னு சொல்லிட்டா, நான் பேசவே இல்லன்னு ஆயிரும்லா."

உடம்பு தாங்காதுலே என்றேன். தாங்காதுதான், பயமாகத்தான் இருக்கிறது என்றான். அதற்குமேல் இரண்டு பேரும் அவன் அம்மா கொடுத்துவிட்ட முறுக்கைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வந்து தங்கள் தங்கையிடம் சொன்னேன். பைபிளில் கை வைத்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இழுத்தேன். "சொல்லுங்க. பாவத்த நான் சுமக்கேன். அவன் பேச்சக் கேட்டு விட்டுட்டா, அடிய நீங்க வாங்கப் போறீங்களா?" என்றாள். ஆகையால் சொல்லப்போகிறேன். கொடி கிழிந்தது, நைந்தது, நாய் கடித்தது.

இதனால் தங்களிடம் கேட்டுக்கொள்வது என்னவென்றால், பட்டாளத்தில் பழங்கொடியை மரியாதையாக எரிப்பது வழக்கந்தான் என்று தங்கள் கர்னல் துரையிடம் இங்கிலீஷில் ஒரு சர்டிபிகேட் வாங்கி, ரப்பர் ஸ்டாம்ப் போட்டு, உடனே அனுப்ப வேண்டியது. எந்தக் கொடி, யார் எரித்தது என்று துரையிடம் சொல்ல வேண்டாம். பட்டாளத்துத் தபாலைப் பிரித்துப் படிக்கும் சென்சார் ஐயாவுக்கும் என் வணக்கம். கறுப்பு மை பூசத்தான் வேண்டுமென்றால் நாயைப் பற்றிய இடங்களில் பூசிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. தாங்கள் பீரங்கிப் பக்கம் போகாமல் ஸ்டோர் ரூமிலேயே இருக்கும்படி கர்த்தர் பார்த்துக்கொள்வாராக. தங்கள் வீட்டம்மாளுக்கு அன்னாளின் அன்பும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதமும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ச. வேதமணி

பின்குறிப்பு: சர்டிபிகேட் வேண்டாம். இதை ஒட்டித் தபாலில் சேர்ப்பதற்குள் கேஸ் முன்கூட்டியே வந்துவிட்டது. வெள்ளத்தாய் சூடத்தோடு நிறுத்தாமல் தேங்காயும் உடைத்தான் என்றாள். கோர்ட்டே சிரித்தது, மாஜிஸ்திரேட்டும் சிரித்தார். பிறகு என்னை ஏற்றினார்கள். பைபிளில் கை வைத்தேன். பொய் சொல்லத்தான் போனேன், மச்சான், தங்கள் தங்கை மேல் ஆணை. கொடி எந்த நிலையில் இருந்தது என்று கேட்டார்கள். பயலைப் பார்த்தேன். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்தவன்போல் முன்கூட்டியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எரித்தபோதுகூடக் குனியாத தலை. "நல்ல நிலையில் இருந்தது ஐயா" என்றேன். அப்படியானால் ஏன் எரித்தான் என்றார் மாஜிஸ்திரேட். "அதை அவனைத்தான் ஐயா கேட்கணும்" என்றேன். கேட்டார். ஜெயக்கொடி நிமிர்ந்து, ஒரு கொடி எரிகிற நேரம் பேசினான். யாரும் சிரிக்கவில்லை. பேசியதை எழுதினால் சென்சார் ஐயாவுக்கு மை போதாது.

ஆறு மாதமும் பன்னிரண்டு பிரம்படியும். அப்பீல் கிடையாதாம். அன்று சாயங்காலமே அடித்தார்கள். ஜெயில் மதிலுக்கு வெளியே நின்றேன். முதலில் சத்தம் வரவில்லை, பிறகு வந்தது. தங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. எனக்கும் இப்போது சோறு இறங்கவில்லை. அதற்காகக்கூட அவள் திட்டுவதில்லை.

கேஸ் முடிந்ததால், மிச்சமிருந்த கால்வாசிக் கொடியை அழித்துவிடும்படி கோர்ட் உத்தரவு வந்தது. எப்படி அழிப்பது என்று முத்துவீரன் வந்து கேட்டான். வழக்கம்போல்தான் என்றேன். ஸ்டேஷன் கொல்லையில் நான் எரித்த அதே இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். நல்ல துணி, மெதுவாக எரிந்தது. யார்மேலும் கேஸ் இல்லை. எரிந்துகொண்டிருக்கும்போது, "ரைட்டரய்யா, இதுக்கு சல்யூட் அடிக்கணுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.